விடை: நான்கு முறை

ஆசிரியர் பயிற்சி மையத்தின் வாசலில் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் கணக்கு டீச்சரின் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பேனாவும் ஒரு பையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், வரிசையில் அண்ணியைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"அண்ணி, இப்பவே பிரிக்காதீங்க. உள்ள போய் உக்காந்து நிதானமா பாருங்க," என்று பையை நீட்டிக் கண்ணடித்தாள்.

கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதமாக வீட்டில் இதே கூத்துதான். அவள் கணவன் இந்த மையத்தில் மூத்த பயிற்சியாளர். நாத்தனார் இங்கேயே தட்டச்சும் பக்க வடிவமைப்பும் பார்ப்பவள். பள்ளிகளில் கணக்கை யோசித்துப் போடச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவன் ஒரு கையேடு எழுதுகிறான், அவள் அதை அச்சுக்குத் தயார் செய்கிறாள் என்பதுவரை டீச்சருக்குத் தெரியும். ஆனால் அவள் அறைக்குள் நுழைந்தால் போதும், அண்ணனும் தங்கையும் கணினித் திரையை மாற்றிவிட்டு வானிலை பற்றிப் பேசத் தொடங்குவார்கள். முதல் பிரதி உனக்குத்தான், அதுவரை மூச்சு விடாதே என்று அவன் சொல்லியிருந்தான். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தனக்கு ஏதோ எழுதிவைத்திருக்கிறான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்தும் அப்படி நினைத்துக்கொள்ள முடிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவளை அந்த வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லோரும் சந்தேகம் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பயிற்சிக்கு வந்தாலும் ஏழெட்டுச் சந்தேகம் கேட்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். மின்விசிறி காற்று தன் மேல் ஏன் படவில்லை என்ற முதல் சந்தேகத்தை அவள் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தாள்.

டீச்சர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அட்டை நன்றாகத்தான் இருந்தது. அதில் கணவன் பெயர் பெரிதாக இருந்தது. உள்ளே முன்னுரை, நன்றியுரை, பொருளடக்கம். நன்றியுரையில் இயக்குநர் இருந்தார், அச்சகம் இருந்தது, தங்கையின் பெயரும் இருந்தது. தன் பெயரைத் தேடினாள், இல்லை. சரி, உள்ளே எங்கேயாவது இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டினாள்.

முதல் கணக்கைப் படித்தபோது, நம்முடையது மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. இரண்டாவதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவதில் வருகிற நொண்டி ஆட்டுக்குட்டியை அவள்தான், ஒரு மழைநாளில், வகுப்பில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையைச் சிரிக்கவைக்க உருவாக்கியிருந்தாள். அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கங்களைப் புரட்டினால் போதுமாக இருந்தது.

பதினோரு வருஷமாக அவள் கணக்குகளை அட்டைகளில் எழுதி வைத்து வந்தாள். முன்பக்கம் கணக்கு. பின்பக்கம் விடை இருக்காது. விடையை எழுதிவைத்தால், குழந்தை திணறும்போது தானே வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்பது அவள் பயம். அதனால் பின்பக்கத்தில் வேறொன்றை எழுதுவாள்: குழந்தைகள் முதலில் என்ன தப்பாகச் சொன்னார்கள், அப்போது அவள் என்ன கேட்டாள், அதைக் கேட்டதும் யார் முகம் மலர்ந்தது. முதல் பத்து நிமிடம் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் வகுப்பின் சட்டம். முன்பக்கம் எழுத ஒரு சாயங்காலம் போதும். பின்பக்கம் நிரம்ப வருஷக்கணக்காகும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த அட்டைகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தான். தண்ணி கொட்டினா என்ன ஆகும், பத்திரமா இருக்கட்டும் என்றான். தன் உழைப்பின் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோய், ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள்.

தொண்ணூற்றாறு கணக்குகள். எல்லாம் முன்பக்கங்கள். பின்பக்கத்தில் இருந்த ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கணக்குக்கும் கீழே ஒரே நான்கு கட்டளைகள்: எண்களை அடிக்கோடிடுக. ஏற்ற செயலைத் தேர்ந்தெடுக்க. விடையை எழுதுக. சரிபார்க்க. புத்தகத்தின் கடைசியில் விடைப் பட்டியல்.

ஏதோ நினைத்துக்கொண்டு, நாற்பத்தோராம் பக்கத்துக் கணக்கின் விடையைத் தேடினாள்.

மேசை மேல் ஏழு கப்புகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன; ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு கப்புகளைத் திருப்ப வேண்டும்; எல்லாக் கப்புகளையும் நிமிர்த்த எத்தனை முறை திருப்ப வேண்டும்? இதுதான் கணக்கு. விடைப் பட்டியலில் 'நான்கு முறை' என்று போட்டிருந்தது.

அந்தக் கணக்கு ஆகாது. எத்தனை மணி நேரம் திருப்பினாலும் ஏழும் நிமிராது. ஆகாது என்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்து, ஏன் ஆகாது என்று சண்டை போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவள் அதை எழுதியிருந்தாள். அந்த அட்டையின் பின்பக்கத்தில் முதல் வரி அவளுக்கு மனப்பாடம். 'ஐந்து நிமிடத்துக்குள் வரும் பதில்: நான்கு. ஏழை இரண்டால் வகுத்து, அரையை ஒன்றாக்கிச் சொல்கிறார்கள். மறுக்காதே. கப்பைக் கையில் கொடு.'

ஒன்பது வயதுக் குழந்தை சொல்லும் முதல் தப்பான பதிலை அவள் கணவன் அச்சடித்து வைத்திருந்தான். அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதுதான் அவளுக்குள் எங்கேயோ போய் இடித்தது. சனிக்கிழமைகளில் அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போடும்போது, அவள் பக்கத்தில் நின்று புதுக் கணக்கு ஒன்றைப் படித்துக் காட்டுவாள். அடுத்த சனிக்கிழமை அவன், போட்டுப் பாத்தேன், மண்டை காஞ்சுபோச்சு, என்ன மூளைடி உனக்கு என்பான். அதைக் கேட்கத்தான் அவள் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பாள். இந்தக் கப்புக் கணக்குக்கும் அப்படித்தான் சொன்னான். சரி, முடிவு என்ன வந்தது என்று அவள் ஆசையாகக் கேட்டதற்கு, அதைச் சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்னு நீதானே சொல்லுவே என்று சிரித்தான். தன் சட்டத்தைத் தனக்கே திருப்பிச் சொல்கிறானே என்று அவளும் சிரித்தாள். இப்போது யோசித்தால், பதினோரு வருஷத்தில் ஒரு கணக்குக்காவது அவன் முடிவு சொன்னதாக நினைவில் இல்லை.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். நாத்தனார் ஆவலோடு முகத்தைப் பார்த்தாள். எப்படி வந்திருக்கு அண்ணி, அந்த ஆட்டுக்குட்டிக்குப் படம் போட நான் மூணு நாள் கஷ்டப்பட்டேன் என்றாள். அந்தக் குரலில் கள்ளம் இல்லை.

"இதெல்லாம் என்னுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? உங்க கையெழுத்தப் பாத்துத்தானே அடிச்சேன். உங்க பேர் வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே? பேர் போட்டா நாலு பேர் வந்து கேள்வி கேப்பாங்க, உங்களுக்குக் கூச்சம்னு அண்ணன் சொன்னாரு. அதான் உங்க முன்னாடி அந்தப் பேச்சே எடுக்கல."

டீச்சர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பிறகு, விடையெல்லாம் யார் போட்டது என்று கேட்டாள். அண்ணன்தான், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கடகடவென்று போட்டுக் கொடுத்துவிட்டார் என்றாள் நாத்தனார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு எதுவோ உறைத்திருக்க வேண்டும். "அண்ணி, நீங்க சொல்லலையா?" என்றாள், மெல்ல. அதற்குள் உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது.

கணவன் மேடையில் நன்றாகத்தான் இருந்தான். அவன் பேச்சில் அவள் விழுந்ததே ஒரு காலத்தில் இப்படி ஒரு மேடையில் வைத்துத்தான். கணக்கைக் கண்டு எந்தக் குழந்தையும் பயப்படக் கூடாது, நான்கு படிகளில் எல்லாக் கணக்கையும் போட்டுவிடலாம் என்றான். இன்று சாயங்காலம் இந்தப் புத்தகம் நானூறு பள்ளிகளுக்குப் புறப்படுகிறது என்று பின் சுவரைக் காட்டினான். அங்கே அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முன்வரிசையில் இயக்குநர் தலையசைத்தார். தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியாகி இரண்டு மாதமாகிறது, இந்தப் புத்தகம்தான் அதற்கு அவனுடைய சிபாரிசு என்று அரங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம் என்றான். நாற்பத்தோராம் பக்கத்தைத் திறக்கச் சொன்னான்.

அவளுக்கு அந்தக் கணத்தில் கோபம் வரவில்லை. ஓடிப்போய் அவன் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. அவன் எண்களை அடிக்கோடிட்டான். ஏழு, இரண்டு. வகுத்தான். மூன்றரை. அரை முறை திருப்ப முடியாதில்லையா, அதனால் நான்கு என்று பலகையில் எழுதி வட்டம் போட்டான்.

"சார், ஒரு சந்தேகம்," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. அரங்கத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. "நாலு தடவை ரெண்டு ரெண்டா திருப்பினா எட்டு ஆச்சு. இருக்கறது ஏழு கப்பு. எட்டாவதா எதத் திருப்பறது?"

"ஏற்கெனவே நிமிர்ந்ததுல ஒண்ணைத் திருப்பிக்கலாம்மா."

"அப்ப அது மறுபடி கவுந்துடுமே சார்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவன் பலகையைப் பார்த்தான், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். கடைசியில் அவன் கண் மூன்றாவது வரிசைக்கு வந்தது. வீட்டுச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டு அவளைத் தேடிவரும்போது இருக்கும் அதே பார்வை.

அவள் எழுந்தாள். தன்னால் எழாமல் இருக்க முடியாது என்பது எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. டீ மேசையில் பேப்பர் கப்புகள் இருக்கின்றன, ஆளுக்கு ஏழு எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். நாற்காலிகள் நகர்ந்தன. அரங்கம் முழுக்கக் கப்புகள் கவிழ்ந்தன, நிமிர்ந்தன. ஆறு நிமிர்ந்தால் ஒன்று கவிழ்ந்து நின்றது. அதை நிமிர்த்தப்போனால் இன்னொன்று கவிழ்ந்தது. பள்ளிக்கூடக் குழந்தைகளைப் போலவே அவர்களும் ஒருவர் கப்பை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள், பல்லைக் கடித்தார்கள், நீ காப்பியடிக்கிறாய் என்று கேலி பேசினார்கள். பத்து நிமிடம் முடியுமுன்னே சந்தேகம் டீச்சர் எழுந்து நின்றாள்.

"இது ஆகாது. ரெண்டு ரெண்டா திருப்பினா, நிமிர்ந்து நிக்கறது ரெண்டு கூடும், இல்ல ரெண்டு குறையும், இல்ல அப்படியே இருக்கும். எப்பவும் இரட்டைப்படைதான். ஏழு வரவே வராது. நாலும் இல்ல, நாப்பதும் இல்ல," என்றாள். அவள் சந்தேகம் தீர்ந்து யாரும் பார்த்ததில்லை. அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்கு ஒரு நொடி எல்லாமே மறந்துபோனது.

மேடையில் கணவன் ஒலிவாங்கியை எடுத்தான்.

"இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றான். "அந்த விடையை நான் வேணும்னேதான் தப்பாப் போட்டேன். அச்சுல இருந்தா அப்படியே நம்பிடறோமா, இல்ல யோசிக்கறோமான்னு பாக்கத்தான். மூணாவது வரிசை டீச்சருக்கும் ஒரு கைதட்டுக் குடுங்க. நல்லா ஒத்துழைச்சாங்க."

அரங்கம் அதிர்ந்தது. எப்படிப்பட்ட மூளை பாருங்கள் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். சந்தேகம் டீச்சர் ஒருத்திதான் கைதட்டாமல் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மதிய இடைவேளையில் கணக்கு டீச்சர் அந்தப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள். அவன் முகம் வியர்த்திருந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்துவிட்டான். நல்லவேளை நீ எழுந்தே, இல்லேன்னா மானம் போயிருக்கும் என்றான். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எல்லாம் விளக்கமாகச் சொல்கிறேன் என்றான். பதவி வந்தால் யாருக்கு, நம் வீட்டுக்குத்தானே, புருஷன் பொண்டாட்டிக்குள்ளே என்னது உன்னது என்று கோடு போட்டுக்கொண்டா வாழ்கிறோம் என்றான். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

எனக்குக் கூச்சம் என்று நான் எப்போது சொன்னேன் என்று அவள் கேட்டாள். அவன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முகவரியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"பேர் கிடக்கட்டும். அந்த விடை போகுதே நானூறு பள்ளிக்கூடத்துக்கு? இங்க உக்காந்திருக்கறவங்க நாப்பது பேர். மீதிப் பேர் புத்தகத்தத்தான் பாப்பாங்க. ஏதோ ஒரு வகுப்புல ஒரு பிள்ளை உக்காந்து யோசிச்சு, இது ஆகாது டீச்சர்னு எழுதும். அதுக்குச் சிவப்புல தப்புப் போடுவாங்க. அந்தப் பிள்ளைக்கு யாருங்க பதில் சொல்றது?"

அவன் உண்மையாகவே சங்கடப்பட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இரண்டே இரண்டு கேட்டாள். எல்லாப் புத்தகத்திலும் ஒரு திருத்தச் சீட்டு. நிறைவு விழாவில், இந்தக் கணக்குகள் இவள் உருவாக்கியவை என்று ஒரு வாக்கியம்.

"சத்தியமா சொல்றேன்," என்றான். "ஒண்ணு என்ன, பத்து வாக்கியம் சொல்றேன். நீ முதல்ல சாப்பிட்டியா?"

அந்தக் கேள்வியில் அவள் கரைந்துபோனாள். அது அவள் சுபாவம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நின்றவாக்கிலேயே இருவரும் ஒரே ஸ்பூனால் சாப்பிட்டார்கள். அவள் முகத்தில் விழுந்த முடியை அவன் ஒதுக்கிவிட்டான். மத்தியானம் முழுக்க அவள் அந்த வாக்கியம் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி என்று தொடங்குவானா, இந்தக் கணக்குகள் என்று தொடங்குவானா?

என் மனைவி என்றுதான் தொடங்கினான்.

"என் மனைவிக்கும் இந்த இடத்துல நன்றி சொல்லணும். அவளும் ஒரு டீச்சர்தான், இங்கதான் இருக்கா. நான் எழுத உக்காந்தா ஒரு தொந்தரவு பண்ணமாட்டா. ராத்திரி பகல் பாக்காம டீ போட்டுக் குடுத்த புண்ணியவதி."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் ஒலிவாங்கியை வாங்கி, அந்த நாற்பத்தோராம் பக்கத்துக்குத் திருத்தம் ஏதும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் மேடம், அது அப்படியே இருப்பதுதான் அழகு என்றான் அவன். பின்கதவு திறந்தது. இரண்டு பேர் உள்ளே வந்து பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினார்கள்.

சந்தேகம் டீச்சர் அவள் பக்கம் குனிந்தாள். "ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கணக்கு உங்களோடதா?" என்று கேட்டாள். கணக்கு டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "நினைச்சேன். கப்பைக் கையில குடுன்னு சொன்னவங்களுக்குத்தான் அது தெரியும்," என்றவள் தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "இயக்குநர்கிட்டப் போங்க, நான் உங்க பையைப் பாத்துக்கறேன்," என்றாள்.

இயக்குநர் அறையில் கணவன் நின்றுகொண்டிருந்தான். யாரோ கொடுத்த பூங்கொத்து அவன் கையில் இருந்தது. நாத்தனார் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்திருந்தாள். டீச்சர் உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் தெரியவில்லை. புத்தகத்திலுள்ள தொண்ணூற்றாறு கணக்குகளும் தான் எழுதியவை, நாற்பத்தோராம் பக்கத்து விடை வேண்டுமென்றே போட்ட தப்பு அல்ல, வண்டி கிளம்புமுன் நிறுத்த வேண்டும் என்று சொன்னாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. எத்தனையோ சண்டைகளைப் பார்த்திருப்பார், இப்படி ஒன்றைப் பார்த்திருக்கமாட்டார். அவனைப் பார்த்து, "அப்படியா?" என்று மட்டும் கேட்டார்.

அவன் ஆமாம் என்று சொல்லிவிடுவான் என்று அவள் அப்போதும் நம்பினாள். பிறகு பல நாள் அவள் தன்னையே கேட்டுக்கொண்டது இதைத்தான், அப்போதும் எப்படி நம்பினேன் என்று.

"பேச்சுவாக்குல நாலஞ்சு யோசனை சொல்லியிருப்பா மேடம்," என்றான். "வீட்ல பேசிக்கறதுதானே. கணக்கெல்லாம் நான் உருவாக்கினதுதான். அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் குரலில் அன்பு இருந்தது. காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவானே, அதே அன்பு.

இயக்குநர் தர்மசங்கடத்தோடு, குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளுங்களேன் என்றார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கணவனைத்தான் பார்த்தாள்.

"இந்தத் தொண்ணூத்தாறுல ஆகாத கணக்கு இன்னும் ரெண்டு இருக்கு," என்றாள். "நீங்க எழுதினதுன்னா, அது எந்த ரெண்டுன்னு சொல்லுங்க. போதும். நான் வீட்டுக்குப் போயிடறேன்."

அவன் பூங்கொத்தைக் கை மாற்றினான். இயக்குநர் மெதுவாகப் புத்தகத்தை எடுத்து விடைப் பட்டியலைத் திறந்தார். ஒன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை ஒரு வரிகூடக் காலியாக இல்லை. எல்லாவற்றுக்கும் எதிரே ஓர் எண் இருந்தது.

"மேடம்," என்றாள் நாத்தனார். அவள் கதவோரமாகத்தான் நின்றிருந்தாள். பதிவேட்டை மார்போடு அணைத்திருந்தாள். "நான் அடிச்சதெல்லாம் அண்ணி கையெழுத்தப் பாத்துத்தான். போட்டோ எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. அண்ணிக்குத் தெரியும்னு அண்ணன் சொன்னாரு, நான் நம்பிட்டேன். தெரியாதுன்னு இன்னிக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்."

அவன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அப்பா போனபின் படிக்கவைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, கூடவே வைத்துக்கொண்டிருக்கும் தங்கை. அவள் தலை குனியவில்லை. அவன் பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் என்பது அவனுக்கு அப்போது நினைவில்லை போலும்.

இயக்குநர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். புத்தகத்தைத் திரும்பப் பெறுவதா, பெயரை என்ன செய்வது, பதவியை என்ன செய்வது என்பதெல்லாம் திங்கட்கிழமை குழு கூடித்தான் முடிவு செய்ய முடியும் என்றார். ஆனால் பள்ளி திறக்கும் நாளைத் தள்ளிப்போட முடியாது, மூன்று விடைகளுக்கும் திருத்தச் சீட்டு அடித்து இப்போதே பெட்டிகளில் போட்டு அனுப்பிவிடலாம், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அவர் அவளுக்கு ஒரு கப் தண்ணீர் கொடுத்தார்.

தட்டச்சு அறையில் நாத்தனார் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். டீச்சர் சொல்லச் சொல்ல அடித்தாள். பக்கம் நாற்பத்தொன்று, அறுபத்தேழு, எண்பத்திரண்டு: அச்சிட்ட விடைகள் தவறு. இவற்றுக்கு விடை சொல்லாதீர்கள். பொருளைக் கையில் கொடுத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஆகாது என்று ஒரு குழந்தை சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அது சொல்லும்.

இருவரும் அழவில்லை. அழுதால் வேலை நின்றுபோகும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு முறை மட்டும் நாத்தனார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, என்னை மன்னிச்சுடுங்க அண்ணி என்றாள். உன் தப்பு இதில் என்ன இருக்கிறது என்று டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோளுக்கும் தனக்கும் இருக்கும் உறவு அவன் வழியாக வந்தது என்பது அப்போது இருவருக்குமே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை எடுக்க டீச்சருக்கு மனம் வரவில்லை.

"கீழ யார் பேர் போடறது அண்ணி?"

"என் பேரைத்தான்."

நாத்தனார் அடித்தாள். பல வருஷப் பழக்கம், வீட்டுக்கு வரும் கடிதங்களிலும் ரேஷன் அட்டையிலும் எழுதுவதுபோல, அண்ணியின் பெயரையும் அதை ஒட்டி அண்ணன் பெயரையும் சேர்த்தே அடித்துவிட்டாள். திரையில் அந்த இரண்டு பெயரும் ஒரே வரியில் நின்றன. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ரெண்டாவது பேரை எடுத்துடு," என்றாள்.

நாத்தனார் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "இந்தச் சீட்டுலதானே அண்ணி?"

டீச்சர் திரையில் அந்த இரண்டாவது பெயரை விரலால் தொட்டாள். நாத்தனார் மறுபடி கேட்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, தன் அண்ணன் பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.